சொட்டுகிற வால்வை அடைக்காதீர்கள்!

(இரண்டாம் ஆண்டு, இயந்திரவியல் துறை)



ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதித் தருகிறேன் என்று சொன்னதும் பேரவைச் செயலாளர் அண்ணன், "தம்பி, கவிதை மட்டும் வேணாம்டா. ஏற்கெனவே ஒரு மூட்டை வந்து கெடக்கு, எல்லாம் காதல்" என்று கையெடுத்துக் கும்பிட்டார். எனக்குக் கவிதை வராது. மற்றதைப் பற்றி இங்கே எழுதினால் வீட்டில் மலரைப் படித்துவிடுவார்கள். ஆகவே எனக்குக் கொஞ்சம் தெரிந்த ஒன்றைப் பற்றி எழுதுகிறேன். பாய்லர்!

பாய்லர் என்றவுடன் பக்கத்தைப் புரட்டி விடாதீர்கள். கோக்ரன், லங்காஷயர், பாப்காக் வில்காக்ஸ் என்று தேர்வுக்கு முந்தின ராத்திரி படம் போட்டுப் பழகிய கை எல்லோருடையதும்தான். மவுண்டிங்ஸ் எவை, ஆக்சசரீஸ் எவை என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவோம். ஆனால் ஒரு கேள்வி. அந்த பாய்லர்களில் ஒன்றையாவது நம்மில் எத்தனை பேர் கண்ணால் பார்த்திருக்கிறோம்? நான் பார்த்ததில்லை. நான் பார்த்த முதல் பாய்லர் என் அப்பாவுடையது.

அப்பா டீ மாஸ்டர். பெரியார் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு கடையில் பல வருடமாக நிற்கிறார். இப்போது கேஸ் அடுப்பு வந்துவிட்டது. நான் சின்னப் பையனாக இருந்தபோது கரி பாய்லர்தான். செம்புத் தொட்டி, நடுவில் கரி போடுகிற குழாய், குழாயைச் சுற்றித் தண்ணீர், அடியில் சாம்பல் விழ ஒரு தட்டு. "செங்குத்து நெருப்புக் குழாய்க் கொதிகலன்" என்று வகுப்பில் சார் பலகையில் வரைந்தபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "என்னடா சிரிக்கிறே?" என்றார். "சார், இது எங்கப்பா சார்" என்று உளறிவிட்டேன். வகுப்பே சிரித்தது. இன்றைக்கும் சில பேர் என்னை 'பாய்லர்' என்றுதான் கூப்பிடுகிறார்கள். இருக்கட்டும்.

அந்தத் தொட்டிக்குள் அப்பா ஒரு பழைய காசு போட்டு வைத்திருப்பார். தண்ணீர் கொதித்தால் காசு அடியில் ஆடி டகடகவென்று சத்தம் போடும். முகத்தைத் திருப்பாமலேயே கொதி வந்துவிட்டது என்று தெரிந்துகொள்வார். மேல் மூடி சும்மா வைத்ததுதான், திருகல் கிடையாது. ஒரு நாள் நான், "ஆவி இவ்வளவு வீணாப் போகுதே, மூடிய இறுக்கி வச்சா என்னப்பா?" என்று கேட்டேன். "இறுக்கினா ஆவி எங்கடா போகும்? உன் மூஞ்சிக்கா?" என்றார். ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர் அவர். நான் சொல்ல வந்த விஷயத்தில் பாதி அந்தக் கேள்வியிலேயே இருக்கிறது.

மீதிப் பாதிதான் என்னைத் தூங்கவிடாமல் செய்தது. அதைச் சொல்கிறேன்.

என் அம்மாவின் தம்பி, மாமா, பிளம்பர். எனக்குக் கல்லூரிக் கட்டணத்தில் பெரும் பங்கு அவர் கையிலிருந்து வருகிறது. எங்கள் குடும்பத்தில் பத்தாவது தாண்டிப் படிக்க வந்தவன் நான்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் அவரோடு உதவிக்குப் போவேன். பைப் ரெஞ்சு எடுத்துக் கொடுப்பது, டெஃப்லான் டேப் சுற்றுவது, நூல் போட்ட குழாயைப் பிடித்துக்கொள்வது. போன மார்கழியில் கே.கே.நகர் பக்கம் ஓர் அடுக்குமாடி வீட்டுக்குப் போனோம். குளியலறையில் 25 லிட்டர் கீசர். தண்ணீர் உள்ளே போகும் வழியில் பொருத்தியிருக்கிற வால்விலிருந்து சொட்டுச் சொட்டாக ஒழுகுகிறது. வீட்டுக்காரர் ஓய்வுபெற்ற அலுவலர். "ராத்திரி முழுக்க டொக்கு டொக்குன்னு சத்தம், நிறுத்திக் குடுப்பா" என்றார். மாமா ஒரு நிமிடம் பார்த்தார். சொட்டுகிற வாயில் ஒரு பிளக் வைத்து, டேப் சுற்றி, இறுக்கிவிட்டார். சொட்டு நின்றது. வீட்டுக்காரர் முகம் மலர்ந்தது.

எனக்குத்தான் வயிற்றைப் புரட்டியது. அது பாதுகாப்பு வால்வு. அந்த வாரம்தான் வகுப்பில் படித்திருந்தோம். "மாமா, இத அடைக்கக் கூடாது மாமா, அழுத்தம் கூடினா வெளிய விடுறதுக்குத்தான் இது இருக்கு" என்று வீட்டுக்காரர் முன்னாலேயே சொல்லிவிட்டேன். வீட்டுக்காரர் மாமாவைப் பார்த்தார். மாமா என்னைப் பார்த்தார். "படிக்கிற பையன் சார், புஸ்தகத்துல இருக்கிறத சொல்றான்" என்று சிரித்துச் சமாளித்துவிட்டு, கூலியை வாங்கிக்கொண்டு இறங்கினார். வண்டியில் வரும்போது ஒரு வார்த்தை பேசவில்லை. கோரிப்பாளையம் சிக்னலில் நின்றபோது மட்டும், "பதினாலு வருசமா இந்த வேல பாக்குறேன் மாப்ள. ஒரு கீசரு வெடிச்சதில்ல" என்றார். அடுத்த மூன்று ஞாயிறு அவர் என்னைக் கூப்பிடவில்லை.

நண்பர்களே, யார் சரி? நான் சொன்னது சரி. சொன்ன இடம் தப்பு. இது எனக்குப் பிற்பாடு புரிந்தது. ஆனால் இடம் தப்பு என்பதற்காக வால்வு சும்மா இருக்குமா? அதைக் கொஞ்சம் கணக்கோடு பார்ப்போம். நாம் டிப்ளமோ படிப்பவர்கள், கணக்கில்லாமல் பேசினால் மதிப்பில்லை.

தண்ணீர் சூடானால் விரியும். 25 டிகிரியில் இருக்கிற 25 லிட்டர் தண்ணீரை 75 டிகிரிக்குக் கொண்டுபோனால் அரை லிட்டருக்குச் சற்று மேல் கூடும். ஒரு பெரிய டம்ளர் இரண்டு. அதற்கு இடம் வேண்டும். தண்ணீரை அமுக்க முடியாது. பழைய வீடுகளில் மொட்டைமாடித் தொட்டியிலிருந்து நேராகக் குழாய் வரும். விரிந்த தண்ணீர் வந்த வழியே மேலே ஏறித் தொட்டிக்குப் போய்விடும். பத்து மீட்டர் உயரத் தண்ணீருக்கு ஏறத்தாழ ஒரு கிலோ அழுத்தம் என்று நாம் படித்திருக்கிறோம். அந்த வீடுகளில் கீசர் மேல் விழுவது அதைவிடவும் குறைவு. அதனால் மாமாவின் பதினாலு வருட அனுபவம் பொய்யில்லை. அவர் வேலை பழகிய காலத்து வீடுகள் அப்படி.

இப்போதைய அடுக்குமாடிகளில் இரண்டு புதுச் சமாசாரங்கள் சேர்ந்துவிட்டன. ஒன்று, ஷவரில் தண்ணீர் பாய வேண்டும் என்று பிரஷர் பம்ப். இரண்டு, வெந்நீர் திரும்பிப் போகாமல் தடுக்கும் ஒருவழி வால்வு. கீசரோடு வருகிற வால்விலேயே இந்த இரண்டு வேலையும் சேர்ந்திருக்கும். திரும்ப விடாது, அழுத்தம் எல்லை மீறினால் பக்கத்து வாய் வழியாகச் சொட்டும். ஆக, வழி அடைபட்ட அந்த அரை லிட்டருக்கு ஒரே வாசல் அந்தச் சொட்டுதான். அதையும் மாமா அடைத்துவிட்டார்!

தெர்மோஸ்டாட் ஒழுங்காக இருக்கிறவரை என்ன ஆகும்? ஒவ்வொரு நாளும் தொட்டி உப்பி உப்பி வாங்கும். வெல்டிங்கில் கசியும், ஹோஸ் பிய்யும். தொல்லை, அவ்வளவுதான். தெர்மோஸ்டாட்டும் போய், அதற்கு மேல் காவலாக இருக்கிற கட்-அவுட்டும் போய்விட்டால்? நம் ஊர் போர் தண்ணீரில் ஹீட்டர் சுருள் மேல் உப்புப் படிந்து கல்லாகிவிடுவதை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். வால்வின் வாயிலும் அதே உப்புத்தான் படியும். இந்த நிலையில் தண்ணீர் 100 டிகிரியில் நிற்காது. குக்கருக்குள் ஒரு கிலோ அழுத்தத்தில் 120 டிகிரி வரை போகிறதல்லவா, அதேபோல. ஏழு கிலோ அழுத்தத்தில் தண்ணீர் 170 டிகிரி வரைக்கும் தண்ணீராகவே இருக்கும். அந்த நேரம் தொட்டி கிழிந்தால், நீராவி அட்டவணையை வைத்துப் போட்டுப் பாருங்கள், ஏறக்குறைய மூன்று கிலோ தண்ணீர் அந்த நொடியே ஆவியாகும். அது ஏறக்குறைய 5,000 லிட்டர் இடம் கேட்கும். 4 அடிக்கு 6 அடி, 8 அடி உயரமுள்ள ஒரு குளியலறையின் மொத்தக் கொள்ளளவு சுமார் 5,400 லிட்டர். மீதியை நான் எழுத வேண்டியதில்லை.

சரி, சொட்டினால் என்னதான் செய்வது? அதைச் சொல்லாமல் "அடைக்காதே" என்று மட்டும் சொன்னால் அது மேடைப் பேச்சு. தண்ணீர் சுடும்போது மட்டும் கொஞ்சம் சொட்டி, பிறகு நின்றால் வால்வு தன் வேலையைச் செய்கிறது. சொட்டுகிற வாயில் ஒரு சின்ன டியூப் மாட்டி வடிகாலுக்கு விட்டால் போதும், சத்தமும் நிற்கும். டியூபின் முனை திறந்தே இருக்க வேண்டும், அவ்வளவுதான். கீசரை அணைத்த பிறகும் நாள் முழுக்கச் சொட்டினால் இரண்டில் ஒன்று. பம்பின் அழுத்தம் கூடுதலாக வைக்கப்பட்டிருக்கிறது, அல்லது வால்வின் இருக்கையில் உப்போ மண்ணோ சிக்கியிருக்கிறது. முதலாவதற்கு அழுத்தம் குறைக்கும் வால்வு போட வேண்டும், பம்பின் அளவையும் இறக்க வேண்டும். இரண்டாவதற்கு, கீசர் ஆறியபின் வால்வின் நெம்புகோலைத் தூக்கித் தண்ணீரை வேகமாக விட்டுக் கழுவிப் பார்க்க வேண்டும். கேட்கவில்லையென்றால் அதே அழுத்த அளவுள்ள புது வால்வு. தொட்டியின் தகட்டில் எத்தனை பார் தாங்கும் என்று அடித்திருக்கும். அதைப் படிக்காமல் கடையில் கிடைத்ததை மாட்டக் கூடாது.

குளிர் நாடுகளில் இந்தப் பிரச்சினை இன்னும் பெரிது. அங்கே வீடு முழுவதையும் சூடாக வைக்க ஒரு பாய்லர், சுவரோரம் ரேடியேட்டர்கள், உள்ளேயே சுற்றிச் சுற்றி வருகிற மூடிய தண்ணீர். லண்டனுக்குப் போன நம் ஆட்களைக் கேட்டால் பாய்லர் முகப்பில் உள்ள கடிகார முள்ளைப் பற்றிச் சொல்லுவார்கள். ஆறியிருக்கும்போது 1 முதல் 1.5 பார், சூடானால் 2 பக்கம், 3 பார் தொட்டால் பாதுகாப்பு வால்வு திறந்து வெளியே கொட்டும். முள் ஏறினால் ரேடியேட்டரில் கொஞ்சம் தண்ணீரை வடித்து இறக்கிவிடலாம். ஆனால் நாளைக்கு மறுபடி ஏறும்! ஏனென்றால் காரணம் வேறிடத்தில் இருக்கிறது. தண்ணீர் நிரப்புகிற குழாய் சரியாக மூடாமல் உள்ளே கசிந்துகொண்டிருக்கும். இல்லையென்றால் விரிவுக் கலம் பழுதாகியிருக்கும். விரிவுக் கலம் என்பது நடுவில் ரப்பர் சவ்வு வைத்த ஒரு டப்பா. ஒரு பக்கம் காற்று, ஒரு பக்கம் தண்ணீர். தண்ணீர் விரிந்தால் காற்று அமுங்கி இடம் கொடுக்கும். காற்று இறங்கிவிட்டால் இடம் கொடுக்க ஆளில்லை, முள் ஏறும். அதாவது அப்பாவின் சும்மா வைத்த மூடி செய்கிற வேலையை அங்கே ரப்பர் சவ்வு செய்கிறது.

நம் ஊரிலும் சூரிய வெந்நீர்த் தொட்டி வைத்த வீடுகளின் மொட்டைமாடியில் ஒரு குழாய் வாயைத் திறந்துகொண்டு நெட்டுக்குத்தாக நிற்கும். பார்த்திருக்கிறீர்களா? சித்திரை வெயிலில் அதிலிருந்து ஆவியும் தண்ணீரும் எட்டிப் பார்க்கும். "ஒழுகுது" என்று அதற்கும் மூடி போடுகிற புண்ணியவான்கள் இருக்கிறார்கள்!

பாதுகாப்பு வால்வுக்கு வயது 300-க்கு மேல். டெனி பாப்பின் என்ற பிரெஞ்சுக்காரர் 1679-ல் எலும்பைக்கூட மெத்தென்று வேகவைக்கிற ஒரு மூடிய பாத்திரத்தை லண்டன் ராயல் சொசைட்டியில் காட்டினார். நம் குக்கருக்குப் பாட்டன் அது. வெடிக்காமல் இருக்க, எடை தொங்கவிட்ட ஒரு நெம்பை ஓட்டையின் மேல் வைத்தார். இன்று நம் அம்மாக்கள் எண்ணுகிற விசிலின் எடை அதே யோசனைதான்.

நம் நாட்டுக் கதை ஒன்றும் உண்டு. டி.டி.கே. பிரெஸ்டீஜ் நிறுவனத்தின் டி.டி.ஜெகந்நாதன், சென்னை ஐ.ஐ.டி.யில் படித்தவர், 2025-ல் காலமானார். குக்கர்கள் வெடிப்பதாகப் புகார் வந்தபோது அவரே போய் ஆராய்ந்ததில், மட்டமான போலிப் பாதுகாப்புப் பிளக்குகளை ஜனங்கள் மாட்டியிருந்தது தெரிந்தது. "ஒரிஜினல் வாங்குங்கள்" என்று விளம்பரம் கொடுத்துவிட்டுச் சும்மா இருந்திருக்கலாம். அவர் மூடியின் விளிம்பில் ஒரு சிறு திறப்பு வைத்தார். விசிலும் அடைத்து, பிளக்கும் ஏமாற்றினால், கேஸ்கட் அந்தத் திறப்பு வழியே பிதுங்கி ஆவியைக் கீழ்ப் பக்கமாக விட்டுவிடும். மனிதன் தப்பு செய்வான் என்று எதிர்பார்த்தே செய்த வடிவமைப்பு. நான் இதைத்தான் இஞ்சினியரிங் என்று சொல்லுவேன்.

சட்டம் என்ன சொல்கிறது? 1863-ல் கல்கத்தாவில் ஒரு பாய்லர் வெடித்துப் பல உயிர்கள் போன பிறகுதான் 1864-ல் வங்காளத்தில் பாய்லர்களைச் சோதிக்கச் சட்டம் வந்தது. நாடு முழுவதற்கும் 1923-ல் ஒரு சட்டம். அதன் இடத்தில் 2025-ல் புதிய சட்டம். ஆனால் 25 லிட்டருக்குக் குறைந்தது, ஒரு கிலோ அழுத்தத்துக்குக் குறைந்தது, 100 டிகிரிக்குக் கீழே தண்ணீர் சுட வைப்பது, இவையெல்லாம் பாய்லர் கணக்கிலேயே வராது. வரவும் வேண்டியதில்லை. வீட்டுக்கு வீடு இன்ஸ்பெக்டர் வந்தால் நாடு தாங்குமா! பெரிய பாய்லருக்குச் சட்டம், சான்றிதழ், ஆய்வாளர் எல்லாம் இருந்தும் நெய்வேலி அனல் மின் நிலையத்தில் 2020 மே 7-ல் ஒரு முறை, ஜூலை 1-ல் மறுமுறை பாய்லர் விபத்து நடந்தது. ஜூலையில் அன்றைக்கே ஆறு தொழிலாளிகள் இறந்தார்கள். காயம்பட்டவர்களில் மேலும் பலர் பிறகு மருத்துவமனையில். இறந்தவர்களில் பெரும்பாலோர் ஒப்பந்தத் தொழிலாளர்கள். அங்கே நடந்ததும் கீசரும் ஒன்று என்று நான் சொல்லவில்லை. கண்காணிக்க இத்தனை பேர் இருக்கிற இடமே இப்படியென்றால், கண்காணிக்க ஒருவருமே இல்லாத குளியலறைகளுக்கு யார் பொறுப்பு என்றுதான் கேட்கிறேன்.

என் கருத்து இதுதான். பொறுப்பு மாமா மேல் இல்லை. மாமாவுக்கு வேலை தெரியும். அவர் கை வைத்த இணைப்பில் ஒரு சொட்டு ஒழுகாது. நான் சுற்றிய டேப்பை அவர் இன்றைக்கும் பிரித்து மறுபடி சுற்றுகிறார். கீசர் பெட்டிக்குள் வருகிற தாளில் "ரிலீஸ் வால்வை அடைக்கக் கூடாது" என்று எழுதியிருக்கத்தான் செய்கிறது, ஆங்கிலத்தில், கடுகுபோல் பொடி எழுத்தில். அவருக்கு எவன் படித்துக் காட்டினான்? படித்துக் காட்டியிருக்க வேண்டியவன் நான். நீங்கள். லங்காஷயர் பாய்லரின் புகைப்பாதையை அம்புக்குறி போட்டு விளக்குகிற நாம், நம் வீட்டுச் சுவரில் தொங்குகிற பாய்லரின் வாயில் எது வால்வு என்று ஒரு நாள் பார்த்தோமா? பாடத்திட்டத்தை நாம் மாற்ற முடியாது. ஆனால் பேரவைக்கு ஒரு வேண்டுகோள் வைக்கலாம். ஒரே ஒரு பக்கம், தமிழில், படத்தோடு, அச்சடிப்போம். கீசர் வால்வு, குக்கர் பிளக், சூரியத் தொட்டியின் மூச்சுக் குழாய், மூன்றும் போதும். பிளம்பிங் சாமான் விற்கிற கடைகளில் கொடுத்து வைப்போம். பிளம்பர்கள் நோட்டீசைத் தேடி வரமாட்டார்கள். சாமான் வாங்க வந்துதான் ஆக வேண்டும். கல்லூரி நாள் இசை நிகழ்ச்சிக்கு ஒலிபெருக்கி ஒன்று குறைந்தால் ஒன்றும் கெட்டுப் போகாது. (செயலாளர் அண்ணன் இந்த வரியை வெட்டாமல் விட்டால் மகிழ்வேன்.)

மாமா கதையை முடிக்கவில்லையே. நாலாவது ஞாயிறு காலையில் அவரே வீட்டுக்கு வந்தார். அம்மா கொடுத்த காப்பியைக் குடித்துவிட்டு, என்னைப் பார்க்காமல் சொன்னார்: "அந்த கே.கே.நகர் வீட்டுல பிளக்க அப்பவே கழட்டிட்டேன். மறுநாளே போயி. டியூப்பு மாட்டி வடிகால்ல விட்டுட்டேன்." எனக்குப் பேச்சு வரவில்லை. "ஏன் மாமா சொல்லல?" என்றேன். "ஒங்கிட்ட எதுக்குடா சொல்லணும், நீ என்ன ஆபீசரா?" என்றார். கொஞ்ச நேரம் கழித்து அவரே, "இதுமாதிரி வேற எங்கெங்க அடைச்சோம்னு ராத்திரி படுத்து யோசிச்சேன் மாப்ள. நெனப்புல இருக்கிறது பதினோரு வீடு" என்றார்.

அன்றிலிருந்து ஞாயிறுதோறும் போகிறோம். கூலி கேட்பதில்லை. டியூபுக்கான காசு மட்டும், அதுவும் கொடுத்தால். ஒரு வீட்டில் புதிதாகக் குடி வந்தவர்கள் கீசரையே கழற்றிவிட்டிருந்தார்கள். ஒரு வீட்டில் அந்த அம்மா, "நல்லாத்தானே இருக்கு, எதுக்கு நோண்டுறீங்க?" என்று கதவைச் சாத்திவிட்டார், அங்கே மறுபடி போக வேண்டும், இந்த முறை பேசுவது மாமாதான், நான் வாயைத் திறக்கக் கூடாது என்று ஒப்பந்தம். கே.கே.நகர் வீட்டையும் சேர்த்து ஏழு முடிந்தது. நாராயணபுரத்தில் ஒன்றும், திருநகரில் இரண்டும், கதவைச் சாத்திய அந்த வீடும் பாக்கி.